கிணற்றுக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

"தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள்" என்று கேட்டுக் கேட்டு விவசாயிகளுக்குச் சலித்துப் போயிருக்கும். என்னைக் கேட்டால், அறிவுரையை நிறுத்திவிட்டு ஒரு வாளியைக் கையில் கொடுக்கலாம்.

20 லிட்டர் வாளியைப் பம்பு குழாயின் வாயில் பிடியுங்கள். ஐந்து விநாடியில் நிரம்பினால், மணிக்கு 14,400 லிட்டர் வருகிறது. ஆறு மணி நேரம் ஓட்டினால் 86,400 லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் ஓர் ஏக்கரில் பரப்பினால் சுமார் 2 செ.மீ. உயரம்தான் நிற்கும்!

சரி, இது செலவு. வரவு எவ்வளவு? ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர். ஆண்டுக்கு 600 மி.மீ. என்றால் 24 லட்சம் லிட்டர். கடினப் பாறைப் பகுதியில் அதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது. நெல்லுக்கோ ஏக்கருக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர் கேட்கும். மழை கொஞ்சம் கைகொடுக்கும், வயலில் ஊறுவதில் ஒரு பகுதி திரும்பக் கீழே போகும், வாஸ்தவம்தான். அதையெல்லாம் கழித்த பிறகும், கோடையில் கிணற்றை நம்பி நெல் வைத்தால், பல ஏக்கரின் வரவை ஒரே ஏக்கர் குடித்துவிடும்.

2000-களில் ஆந்திராவின் ஏழு வறட்சி மாவட்டங்களில், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு, விவசாயிகளே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து எழுதி வந்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஊர்கூடி, இருப்பு எவ்வளவு, வைக்கப்போகும் பயிர்கள் எவ்வளவு கேட்கும் என்று கணக்குப் போட்டார்கள். இன்ன பயிர்தான் வைக்க வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. கணக்கைப் பார்த்த பலர் தாமாகவே நெல்லைக் குறைத்துக்கொண்டார்கள்.

நீர்மட்டத்தைக் காலையில், மோட்டார் போடுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஓட்டிய கையோடு அளந்தால் மட்டம் இறங்கித்தான் காட்டும்.

அப்புறம், சொட்டுநீர். அது நல்லதுதான். ஆனால் மிச்சமான தண்ணீரில் இன்னொரு ஏக்கர் சேர்த்து வைத்தால் கிணற்றுக்கு என்ன மிச்சம்? சொட்டுநீர் போட்டபின் மோட்டார் ஓடும் நேரம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் கிணற்றுக்கு அதனால் லாபமில்லை.

நன்றி, வணக்கம்.