பேரணி முடிந்த மறுநாள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூன் 26 வந்தால் பதாகை, ஊர்வலம், உறுதிமொழி, கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு படம். போதைப்பொருளுக்கு எதிரான நாளாக ஐ.நா. பொதுச்சபை 1987-இல் அதைக் குறித்தது. கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. அந்த ஊர்வலங்களில் நானும் நடந்திருக்கிறேன், தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டிருக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் ஓர் ஊரில் போதைத் தடுப்புக் குழு இருக்கிறது என்று கேள்விப்பட்டால் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். 27-ஆம் தேதி என்ன செய்தீர்கள்?

குழு எதற்கு, அதற்குத்தான் காவல்துறை இருக்கிறதே என்பார்கள். காவலருக்குப் பிடிக்கத் தெரியும். மருத்துவருக்குச் சிகிச்சை தெரியும். எந்தப் பையன் திங்கட்கிழமைதோறும் வகுப்பில் தூங்கி விழுகிறான் என்பது ஆசிரியருக்குத் தெரியும். எந்த மாத்திரையைத் திடீரென்று நிறையப் பேர் கேட்கிறார்கள் என்பது மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். இந்த நால்வரும் ஒரே மேசையில் உட்காராதவரை ஊருக்கு ஒன்றும் தெரியாது.

அமெரிக்காவில் 1997-இல் வந்த ஒரு சட்டம் இதை நிபந்தனையாகவே வைத்தது. உள்ளூர்க் கூட்டமைப்பு ஒன்று நடுவண் அரசின் உதவித்தொகையைக் கேட்டால், 12 தரப்பினர் அதில் இருக்க வேண்டும். பெற்றோர், பள்ளி, காவல்துறை, வணிகர்கள், ஊடகம், சமய அமைப்புகள், மருத்துவத்துறை என்று அந்த வரிசை போகிறது. அரசு தரும் பணத்துக்கு ஈடாகக் குழுவும் தன் பங்கைக் காட்டியாக வேண்டும். தொண்டர்கள் செலவிட்ட நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம். அந்த 12-இல் இளையோரும் ஒரு தரப்பு. நான் பார்த்த குழுக்கள் பலவற்றில் இளையோரை நாடகம் போடவும் பதாகை பிடிக்கவும்தான் கூப்பிடுகிறார்கள். எந்தச் சந்தில் என்ன கைமாறுகிறது என்று சொல்லக்கூடிய ஒரே கூட்டம் அவர்கள்தான். கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது!

சரி, மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. என்ன பேசுவது? போதைப்பொருள் என்றதும் நம் பேச்சு எல்லை, துறைமுகம், கடத்தல் கும்பல் என்று பெரிய இடங்களுக்குப் போய்விடுகிறது. அதையெல்லாம் ஓர் ஊர்க்குழுவால் அசைக்க முடியாது. அதனால் அசைக்கக்கூடிய கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முதல் முறை அது யார் கையிலிருந்து, எந்த நேரத்தில், எங்கே கிடைத்தது?

கேட்டுப் பார்த்தால் பதில் சங்கடமாக இருக்கும். வலி நிவாரணி மாத்திரைகளைத் தவறாகப் பயன்படுத்தியவர்களிடம் அமெரிக்காவில் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் நண்பரிடமோ உறவினரிடமோ பெற்றதாகச் சொன்னார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மிஞ்சிய மாத்திரை வீட்டு அலமாரியில் இருக்கிறது. கதவுக்குப் பூட்டு இல்லை. மிஞ்சிய மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நாட்களை அங்கே 2010 முதல் நடத்துகிறார்கள். கோஷமும் ஊர்வலமும் இல்லாத வேலை, ஒரு பெட்டியும் பொறுப்பான ஓர் ஆளும் போதும்.

மதுவுக்கும் இப்படித்தான். 1990-களில் அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலப் பகுதிகளில் 15 ஊர்களில் ஓர் ஆய்வு நடந்தது. பார்த்தால் சிறுவயதாகத் தெரியும், ஆனால் உண்மையில் வயது நிரம்பிய ஒருவரை அடையாள அட்டை இல்லாமல் கடைக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் வயதைக் கேட்கிறாரா, கேட்காமலே எடுத்துக் கொடுக்கிறாரா? கடை கடையாக எண்ணிக் குறித்தார்கள். குறிப்பேட்டோடு கடைக்காரரிடம் பேசப் போவது வேறு, கோபத்தோடு போவது வேறு. இரண்டாவதைச் செய்தும் பார்த்திருக்கிறேன், கடைக்காரர் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பள்ளியில் பாடம் எடுத்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் சீருடைக் காவலர்கள் வகுப்பறைக்கு வந்து பாடம் எடுக்கும் திட்டம் தொடங்கியது. பெற்றோருக்குப் பிடித்தது, நாடெங்கும் பரவியது. பிள்ளைகளின் பழக்கத்தை அது பெரிதாக மாற்றவில்லை என்று பின்னால் ஆய்வுகள் அடுத்தடுத்துக் காட்டின. அதற்கு எதிர்மாறான முறை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹாக்கின்ஸ், கேட்டலானோ இருவரும் உருவாக்கியது. 7 மாநிலங்களில் 24 சிற்றூர்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிக்கு மட்டும் அந்த முறையைக் கொடுத்தார்கள். ஒவ்வோர் ஊரும் முதலில் தன் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்து, பிள்ளைகளைப் பழக்கத்துக்குத் தள்ளும் எந்த இடர்கள் தன் ஊரில் அதிகம் என்று கண்டறிந்து, அவற்றில் இரண்டிலிருந்து ஐந்து வரை மட்டும் கையிலெடுத்தது. எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் அந்த ஊர்களில் குடியும் புகையும் புதிதாகத் தொடங்கிய பிள்ளைகள் மற்ற ஊர்களைவிடக் குறைவு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒழிக்கிறேன் என்று கிளம்பாத குழுக்கள் அவை.

ஐஸ்லாந்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே 15, 16 வயதினரில் கடந்த ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்தவர்கள் 1998-இல் 42 விழுக்காடு, 2016-இல் 5 விழுக்காடு. தினமும் புகைத்தவர்கள் 23-இலிருந்து 3-க்கு வந்தார்கள். பெற்றோர் இரவில் முறைவைத்துத் தெருவில் நடந்தார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப்பணம் போனது. அங்கேயும் பிள்ளைகளிடம் கொடுத்த கேள்வித்தாளின் முடிவுகள் ஆண்டுக்கணக்கில் கோப்பில் தூங்காமல் சீக்கிரமே பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் திரும்பிச் சென்றன. அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் இளையோர் குடி குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முழுப் பெருமையையும் ஒரு திட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் மாலை நான்கு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் நடுவே பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு நாடே கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

தேர் இழுக்க வடம் பிடிப்பவர்கள் நிறையப் பேர். சக்கரத்தருகே குனிந்து, தெருமுனையில் தேர் திரும்ப முட்டுக்கட்டை போடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. அந்தச் சொல்லையே நாம் தடை என்ற பொருளில் புழங்க ஆரம்பித்துவிட்டோம். குழுக்களிலும் அப்படி ஓர் ஆள் இருப்பார்.

நான் இருந்த ஒரு குழுவில், சுவரொட்டியில் எந்த நிறம் போடலாம் என்று ஒரு மணி நேரம் வாதாடிக்கொண்டிருந்தோம். குடியிலிருந்து மீண்டுவந்த ஒருவர் கடைசி வரிசையில் இருந்தார். அவர் பேசியது மூன்றே வாக்கியம். மைதானத்துக்குப் பின்னால் பூட்டாத ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. அங்கே விளக்கு இல்லை. எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

விளக்குப் போட வைக்க நான்கு மாதம் ஆயிற்று, கதவுக்குப் பூட்டு வர இன்னும் இரண்டு மாதம். அதோடு ஒழிந்ததா என்றால், இல்லை, இடம் மாறியது. அடுத்த கூட்டத்துக்கு அவர் கொஞ்சம் தாமதமாக வந்தார், உட்காருவதற்கு முன்பே புது இடத்தைச் சொன்னார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

நன்றி, வணக்கம்.