பூட்டு எந்தக் கதவுக்கு?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது அமெரிக்காவின் லூசியானா மாநிலம். 2024-இல் அதன் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. உலக சுகாதார நிறுவனம், ஐக்கிய நாடுகள் சபை, உலகப் பொருளாதார மன்றம் ஆகிய மூன்றுக்கும் எங்கள் எல்லைக்குள் எந்த அதிகாரமும் கிடையாது. அவற்றின் விதி, வரி, கொள்கை, கட்டளை எதையும் இங்கே எந்த அரசு அமைப்பும் செயல்படுத்தக் கூடாது. இதுதான் சட்டத்தின் சாரம். மாநில செனட் சபையில் 37 பேர் ஆதரவு. எதிர்த்து ஓர் ஓட்டுகூட விழவில்லை. ஃபுளோரிடா அதற்கும் முந்திக்கொண்டது. சர்வதேச சுகாதார அமைப்புகளின் வழிகாட்டுதல்களை, மாநிலச் சட்டமோ ஆளுநரோ அனுமதிக்காமல் அரசு அலுவலகங்களும் கல்வி நிலையங்களும் பின்பற்றக் கூடாது என்று 2023-லேயே அங்கே விதித்துவிட்டார்கள்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கொரோனா காலத்தில் கடையை மூடச் சொன்னார்கள், பள்ளியை மூடச் சொன்னார்கள், இறுதிச் சடங்குக்குக்கூட ஆள் எண்ணிக்கை வைத்தார்கள். என் வாழ்க்கையை முடக்கியது யார், அவரை நான் எங்கே போய்க் கேட்பது என்று ஒரு குடிமகன் கேட்டால், அது நியாயமான கேள்வி. ஜனநாயகத்தின் அடிப்படையே அந்தக் கேள்விதான்.

ஆனால் பதிலைத் தப்பான இடத்தில் தேடியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் லூசியானா மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்ன உத்தரவு, உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவிலிருந்து வரவில்லை. மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜிலிருந்து, மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆளுநரிடமிருந்து வந்தது. பொது சுகாதாரத்துக்காகக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அமெரிக்காவில் பெரும்பாலும் மாநிலங்களிடமே இருக்கிறது. அம்மைத் தடுப்பூசி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1905-லேயே அதை உறுதிசெய்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனத்துக்குப் போலீஸ் கிடையாது, அபராதம் போடும் உரிமை கிடையாது. 2020 ஜனவரி 30 அன்று அவசரநிலையை அறிவித்தபோது, பயணத் தடை வேண்டாம் என்றுதான் அந்த நிறுவனம் ஆலோசனை சொன்னது. மறுநாளே அமெரிக்கா சீனாவிலிருந்து வருவோருக்குத் தடை அறிவித்தது. யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2025 மே மாதம் ஏற்ற பெருந்தொற்று உடன்படிக்கையும், ஊரடங்கு போடவோ தடுப்பூசியைக் கட்டாயமாக்கவோ எந்த நாட்டுக்கும் உத்தரவிட அந்த நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

அப்படியானால் இல்லாத அதிகாரத்தைத் தடுக்கும் சட்டத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். கெடும். அதிகாரம் இல்லாவிட்டாலும் அந்த நிறுவனத்திடம் வேறொன்று இருக்கிறது: தகவல். எந்த நாட்டில் எந்தக் கிருமி எப்படி மாறியிருக்கிறது என்ற செய்தி. ஒரு மாவட்ட சுகாதார அதிகாரி அந்த வழிகாட்டுதலைப் படித்து, இது நம் ஊருக்கும் பொருந்தும் என்று நினைத்தாலும், பின்பற்றினால் சட்டச் சிக்கல் வருமோ என்று தயங்குவார். தொற்றுநோய்க் காலத்தில் ஒரு வாரத் தயக்கம் பெரிய விலை கேட்கும்.

லூசியானாவின் சட்டம் அமலுக்கு வந்த சில மாதங்களில் நடந்ததைச் சொல்கிறேன். 2024 டிசம்பரில் அங்கே முதியவர் ஒருவருக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் கடுமையாகத் தாக்கியது. வீட்டுக் கொல்லையில் வளர்த்த பறவைகளோடும் காட்டுப் பறவைகளோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. 2025 ஜனவரியில் அவர் இறந்துபோனார். பறவைக் காய்ச்சலால் அமெரிக்காவில் நிகழ்ந்த முதல் மனித மரணம் அது. அந்தச் சட்டத்தால்தான் இறந்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் அவர் உடலிலிருந்த வைரஸைப் பகுத்துப் பார்த்தபோது, அதே மாதங்களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சிறுமியைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோன வைரஸின் வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்ததே, கிருமியின் மரபணு விவரங்களை நாடுகள் பகிர்ந்துகொள்வதால்தான். புதுவகை இன்ஃபுளுவென்சா மனிதருக்கு வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சர்வதேச சுகாதார விதிமுறைகளில் இருப்பதும் இதற்காகத்தான்.

வேறு எந்த மாநிலத்தையும்விட லூசியானாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 1853-இல் மஞ்சள் காய்ச்சல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சுமார் 8,000 பேரைக் கொன்றது. 1878-இல் அதே நோய் மிசிசிப்பிக் கரையோரமாக மேலேறி, ஏறக்குறைய 20,000 உயிர்களைக் கொண்டுபோனது. கப்பல் புறப்படும் துறைமுகத்தில் நோய் இருக்கிறதா என்பது, கப்பல் வந்து சேரும் ஊருக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது அதற்குப் பிறகுதான். 1881-இல் வாஷிங்டனில் அதற்காகவே ஒரு சர்வதேச சுகாதார மாநாட்டைக் கூட்டியதும் அமெரிக்காதான்.

இன்னொன்று. ஒவ்வோர் ஆண்டும் ஃபுளூ தடுப்பூசியில் எந்த வைரஸ் ரகங்களைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி முடிவு சொல்கிறது. 2025 ஜனவரியில், அந்த நிறுவனத்திலிருந்து விலகுவதாக அமெரிக்கா அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் நாட்டுத் தடுப்பூசிக்குத் தேர்ந்தெடுத்த ரகங்கள், அந்த நிறுவனம் பரிந்துரைத்ததையே ஒட்டியிருந்தன. ஆகவே லூசியானாவில் ஒரு பாட்டி மருந்துக் கடைக்குப் போய்ப் போட்டுக்கொள்ளும் ஊசியிலும் அந்தக் கூட்டத்தின் முடிவு இருக்கிறது.

அதிகாரத்துக்குக் கடிவாளம் வேண்டும் என்று அந்தச் சட்டமன்ற உறுப்பினர்கள் உண்மையாகவே நினைத்தால், அதற்கு வழி உண்டு. ஆளுநர் பிறப்பிக்கும் ஒவ்வொரு சுகாதார அவசர உத்தரவுக்கும் முடிவுத் தேதி இருக்க வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். எந்த ஆதாரத்தை வைத்து முடிவெடுத்தார்கள் என்பதை, அது ஜெனீவாவின் ஆய்வானாலும் உள்ளூர் மருத்துவமனையின் கணக்கானாலும், மக்கள் முன் வைக்க வேண்டும். இந்த மூன்றையும் எழுதி ஒரு மசோதாவாகக் கொண்டுவரட்டும். நான் மனதார வரவேற்பேன்.

நன்றி, வணக்கம்.