கிட்டாருக்குப் பளிச் ஏற்றுவது எப்படி: ஷேர் ஆட்டோவில் கேட்டுத் தேர்ந்தெடுத்த பிளகின்கள்

வணக்கம் மக்களே. ராயபுரத்து மொட்டைமாடி அறையிலிருந்து பேசுகிறேன். ஜன்னலை மூடிவிட்டேன், ஃபேனையும் நிறுத்திவிட்டேன். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரியை மட்டும் என்னால் நிறுத்த முடியாது. நடுவில் ஹாரன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு கானா பாட்டு மிக்ஸ் செய்து கொடுத்தேன். குரல், டோலக், ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், அவ்வளவுதான். பாடிய அண்ணன் போனில் போட்டுக் கேட்டுவிட்டு, "இன்னா தம்பி, கிட்டார் வாசிக்கிற பையன் அன்னிக்கு வர்லியா?" என்றார். என் ஹெட்போனில் கிட்டார் ஜம்மென்று இருந்தது. அவர் போனில் காணோம்.

நான் முதலில் செய்தது தப்பு. ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 10 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே 8 டெசிபல் தூக்கினேன். இதோ போடுகிறேன், கேளுங்கள். கிட்டாரா வந்தது? அறையின் இரைச்சல்தான் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. ஈக்யூ இருப்பதைத்தான் கூட்டும். இந்த ரெக்கார்டிங்கில் மேலே எதுவுமே இல்லை. மைக்கைக் கிட்டாரின் ஓட்டைக்கு நேராக வைத்திருந்தேன், கம்பியும் பழசு.

கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏ கம்பியைத் தட்டினால் 110 ஹெர்ட்ஸ் மட்டும் வருவதில்லை. கூடவே 220, 330, 440 என்று அடுக்கடுக்காக வரும். அதுதான் ஹார்மோனிக்ஸ். கம்பியில் துருவும் கை அழுக்கும் ஏறினால் மேலடுக்குகள்தான் முதலில் சாகும். காசிமேட்டுப் பக்கத்துக் கடல்காற்றில் கிட்டாரைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே பிளகினுக்கு, அதாவது ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் மாட்டுகிற குட்டி மென்பொருளுக்கு, முன் புதுக் கம்பி மாட்டுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை, பையன் ஊருக்குப் போய்விட்டான்.

சரி, இல்லாததை உண்டாக்க வேண்டும். அதற்குத்தான் எக்ஸைட்டரும் சாச்சுரேஷனும். இரண்டுமே ஒலியை லேசாகக் கரகரக்க வைத்துப் புது ஹார்மோனிக்ஸ் உண்டாக்கும். தம்புராவில் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலை நுழைத்து, அதை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? சரியான இடம் கிடைத்ததும் மொண்ணையாக இருந்த கம்பி ரீங்காரம் போட ஆரம்பிக்கும். அங்கே நூல் செய்கிற வேலையை இங்கே சின்ன டிஸ்டார்ஷன், அதாவது அந்தக் கரகரப்பு, செய்கிறது. 1970களில் ஏஃபெக்ஸ் என்ற கம்பெனி ஆரல் எக்ஸைட்டர் பெட்டியைக் கொண்டுவந்தபோது அதை விற்கவில்லை. வாடகைக்குத்தான் விட்டார்கள், முடிந்த பாட்டின் ஒரு நிமிடத்துக்கு 30 டாலர் கணக்கில்! உள்ளே நடப்பது எளிது: ஒலியின் ஒரு நகலை எடுத்து, அடிப்பகுதியை வெட்டி, மிச்சத்தைக் கொஞ்சம் கரகரக்க வைத்து, துளியளவு அசலோடு கலப்பது. பெருங்காயம் மாதிரி. போட்டது தனியாகத் தெரியக் கூடாது, எடுத்துவிட்டால் உடனே தெரிய வேண்டும்.

இப்போது பிளகின். ஸ்லேட் டிஜிட்டலின் ஃப்ரெஷ் ஏர் இலவசம், மிட் ஏர், ஹை ஏர் என்று இரண்டே குமிழ். எல்லோரும் ஹை ஏரைத் திருப்பி மயங்குவார்கள், நானும் மயங்கினேன். ஹெட்போனில் வெள்ளிக் கொலுசு மாதிரி இருக்கும். ஆனால் நம் பாட்டைக் கேட்பவர் எங்கே கேட்கிறார்? ஷேர் ஆட்டோவில், எஞ்சின் சத்தத்துக்கு நடுவே, குட்டி ஸ்பீக்கரில். அங்கே அந்தக் கொலுசு கரைந்துவிடும். கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ், அதுவும் போன் ஸ்பீக்கரில் வராது. ஹார்மோனிக்ஸ் கேட்டால் போதும், அடிச்சுரத்தை மூளையே ஊகித்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது 2 முதல் 5 கிலோ ஹெர்ட்ஸ் வரை.

அதற்கு எனக்குக் கைகொடுத்தது சாஃப்ட்யூபின் சாச்சுரேஷன் நாப். இதுவும் இலவசம். அதில் கீப் ஹை, நியூட்ரல், கீப் லோ என்று மூன்று நிலை. பளிச் வேண்டும் என்று கீப் ஹையைப் போட்டுவிடாதீர்கள். அது மேலே இருப்பதைத் தொடாமல் கீழே இருப்பதைக் கரகரக்க வைக்கும். கீப் லோ போடுங்கள். காசு இருப்பவர்களுக்கு சவுண்ட்டாய்ஸ் டீகேபிடேட்டர். ஐந்து விதக் குணம் உண்டு. நான் டி (T) பட்டனில் நிற்பேன், அது டிரையோட் என்ற பழைய வகை ஆம்ப்ளிஃபயர் வால்வின் குணம், இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் தூக்கலாக வரும். இரண்டாவது ஹார்மோனிக் அதே சுரத்தின் மேல்ஸ்தாயி, அதனால் உறுத்தாமல் ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள பனிஷ் பட்டன் கரகரப்பை ஒரேயடியாக ஏற்றிவிடும், அதைக் கிட்டார் பக்கம் கொண்டுவராதீர்கள்.

ஒரு தொல்லை. தனிச் சுரத்துக்கு எவ்வளவு முறுக்கினாலும் தாங்கும். பல சுரங்களை ஒன்றாகத் தட்டுகிற கார்டு (chord) வாசித்தால் தாங்காது. சுரங்கள் ஒன்றோடொன்று மோதி, அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதுச் சத்தங்கள் கிளம்பிக் கூழாகிவிடும். அதனால் கிட்டாரின் ஒரு நகலைத் தனி டிராக்குக்கு அனுப்பி, 2.5 கிலோ ஹெர்ட்ஸில் ஹை பாஸ் போட்டு (அதற்குக் கீழே இருப்பதை வெட்டிவிடும்), அதன் பிறகு சாச்சுரேஷன் போட்டேன். அந்த டிராக்கின் சத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைச் சுத்தமாக இறக்கிவிட்டு மெல்ல ஏற்றினேன். அசலைவிட 18 டெசிபல் கீழே இருக்கும்போதே போதுமாகிவிட்டது.

அப்புறம், பிளகினில் ஓவர்சாம்ப்ளிங் (உள்ளே இன்னும் அதிக சாம்பிள் வேகத்தில் கணக்குப் போடும் வசதி) இருந்தால் போட்டுவிடுங்கள். 44.1 கிலோ ஹெர்ட்ஸ் ப்ராஜெக்டில் 9 கிலோ ஹெர்ட்ஸின் மூன்றாவது ஹார்மோனிக் 27. 44.1-இல் பாதி வரைதான் இடம் உண்டு, அதனால் அது உள்ளே அடங்காமல் மடங்கி 17.1-இல் வந்து விழும். எந்தச் சுரத்தோடும் ஒட்டாத சத்தம் அது. இன்னொன்று, பிளகினைப் போட்டு எடுத்து ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள். அரை டெசிபல் கூடினாலே காது "ஆகா" என்று சொல்லிவிடும். என் காது பல தடவை சொல்லியிருக்கிறது.

மிண்ட்டில் ஏறி தண்டையார்பேட்டை வரை ஆட்டோக்காரரின் ஸ்பீக்கரிலேயே போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு ஸ்ட்ரம்மும் தெரிந்தது. அன்று ராத்திரியே அண்ணனுக்கு அனுப்பினேன். காலையில் வாய்ஸ் நோட் வந்திருந்தது: "பையன் வந்துட்டான் தம்பி, சூப்பரு. டோலக்குக்காரன்தான் இப்ப எங்கயோ போய்ட்டான்."

கிட்டாரை ஒரு டெசிபல் இறக்கி மறுபடி அனுப்பியிருக்கிறேன்.