கணப்புக்கு அருகே கல், கை எட்டும் இடத்தில் மரம்

வணக்கம். குன்னூரிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிவது எங்கள் வீட்டு முன்னறைக் கணப்பு. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் ஊட்டியில் ஸ்டோன்ஹவுஸ் கட்டடத்தைத் தொடங்கிய காலம் முதல், இந்த மலையில் வீடு என்றால் கனத்த கல் சுவர், சுண்ணாம்புக் காரை, முன்னறையில் விறகுக் கணப்பு என்று ஒரு வழக்கம் உண்டானது. அப்படிப்பட்ட வீட்டை வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: சுவர் முழுக்க மரப்பலகை அடித்து, அப்படியே கணப்பையும் மூடிவிடலாமா?

கணப்பை மட்டும் விட்டுவிடுங்கள். எனக்கு மரம் மிகவும் பிடிக்கும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நெருப்பை ஒட்டி இருக்க வேண்டியவை கல், செங்கல், சுண்ணாம்பு. மரத்தின் இடம் நம் கை தடவும் தூரத்தில், நாம் சாய்ந்து உட்காரும் சுவரில்.

கொஞ்சம் கிட்டே வாருங்கள், அளவு காட்டுகிறேன். இது கணப்பின் வாய். இதன் விளிம்பிலிருந்து எந்தப் பக்கமும் ஆறு அங்குலத்துக்குள் மரம் வரவே கூடாது என்கின்றன அமெரிக்காவின் தீப்பாதுகாப்பு விதிகள். பன்னிரண்டு அங்குலத்துக்குள் மரம் வந்தால், அது சுவரை விட்டு எவ்வளவு முன்னே நீட்டலாம் என்பதற்கும் கணக்கு உண்டு: வாயிலிருந்து விலகும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் எட்டில் ஒரு அங்குலம். அதாவது பத்து அங்குலம் மேலே ஒரு பலகை வைத்தால், அது ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் நீட்டக் கூடாது. படமும் விளக்கும் வைக்கிற மாடப்பலகைக்கு அது போதாது. ஆகவே அகலமான பலகை வேண்டுமானால் பன்னிரண்டு அங்குலத்துக்கும் மேலே ஏற்றுங்கள். நான் இன்னும் கொஞ்சம் கூட்டியே வைத்திருக்கிறேன். தரையிலும் அப்படித்தான்: வாய்க்கு முன்னால் பதினாறு அங்குலம், இரு பக்கமும் எட்டு எட்டு அங்குலம் கல்லோ ஓடோ இருக்க வேண்டும். கணப்பு பெரிதானால் இதுவும் கூடும்.

முதல் நாளே பற்றிக்கொள்ளும் என்று சொல்லவில்லை. மரம் ஆண்டுக்கணக்கில் சூடேறிச் சூடேறி உள்ளுக்குள் கருகத் தொடங்கும். அப்படிக் கருகிய மரம் முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும். பத்து ஆண்டாக ஒன்றும் ஆகவில்லையே என்று யாராவது சொன்னால், அந்தப் பத்து ஆண்டுதான் எனக்குப் பயம் தருகிறது.

அதேபோல, மரம் மாதிரியும் பளிங்கு மாதிரியும் அச்சடித்த பி.வி.சி. தாள்கள் கடைகளில் விற்கின்றன. கணப்பு இருக்கும் சுவரில் தயவுசெய்து அவற்றை ஒட்டாதீர்கள். சூட்டில் வளையும், தீப்பிடித்தால் அந்தப் புகையே ஆளைக் கொல்லும்.

சரி, கணப்பைச் சுற்றி என்ன செய்வது? இங்கே நான் செய்திருப்பது இரண்டே வேலைகள். வாயைச் சுற்றிப் பழைய சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, உள்ளிருந்த கல்லை வெளியே காட்டினோம். உளித்தடம் தெரிகிறது பாருங்கள், இதைவிட அழகான வேலைப்பாடு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதற்கு மேலே கூரைவரை சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதனால் அவசரப்படக் கூடாது. குன்னூருக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. வேலையைப் பிப்ரவரி, மார்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவைக்கும். மலை வீடுகளில் பெயிண்ட் கொப்பளித்து உரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒரு எச்சரிக்கை. விறகு எரியும் உட்கூட்டில் ஆற்றுக் கல்லோ கருங்கல்லோ பதிக்க வேண்டாம். ஆற்றுக் கல்லுக்குள் ஈரம் இருந்தால் சூட்டில் தெறிக்கும். கருங்கல்லில் உள்ள படிகக்கல் 573 டிகிரி செல்சியஸில் சட்டென்று விரியும், கல் வெடிப்பு விடும். உள்ளே தீச்செங்கல்தான்.

இப்போது இந்தப் பக்கம் திரும்புகிறேன். கணப்புக்கு எதிர்ச் சுவர். இங்கேதான் மரம். கையால் தடவிக் காட்டுகிறேன், கேமராவில் அந்தத் தொடுகை வராது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இது சில்வர் ஓக். தேயிலைக்கு நிழல் தரும் மரமாக இந்த மலையெங்கும் நிற்கிறதே, அதேதான். விறகாகவும் பெட்டிப் பலகையாகவும் போகிற இந்த மரத்தை யாரும் மதிப்பதில்லை. ஆனால் நடுவிலிருந்து ஆரம் போக்கில் அறுத்தால், மீன் செதில் போல மின்னும் கோலம் ஒன்று பலகை முழுதும் எழும்பி வரும். இறக்குமதி மரத்துக்கு ஏன் காசு கொட்ட வேண்டும்? ஈட்டி மரம் வேண்டும் என்றால், அதை வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1994இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். பழைய வீட்டு மரமாகக் கிடைத்தால் மட்டும் பாருங்கள். சில்வர் ஓக்கின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். உப்புத்தாள் போடும்போது முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் அவசியம்.

பலகையை நேரே சுவரில் அறையவில்லை. முதலில் ரீப்பர் அடித்து, பின்னால் ஓர் அங்குலம் காற்று ஓட இடம்விட்டு, மேலும் கீழும் அரை அங்குலம் திறந்து வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் உப்பும், பனிக்காலத்தில் கணப்பு எரிய எரியச் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. அதனால் ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகையின் காடிக்குள் தளர்வாகச் செருகி நிற்கிறது, பசை கிடையாது.

மாடப்பலகை பர்மா தேக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான்கள் விற்கும் கடையில் வாங்கியது. ஏதோ ஒரு வீட்டின் உத்தரம். ஆணித் துளைகளை அடைக்கவில்லை, அடைக்கவும் மாட்டேன். செட்டிநாட்டு வெயிலில் காய்ந்த மரம் குன்னூர் ஈரத்துக்குப் பழகச் சில வாரம் ஆகும்; வந்த அன்றே அறுத்துப் பொருத்திவிடாதீர்கள்.

ஓரத்தில் தொங்குவது உண்ணிச்செடித் தண்டில் முடைந்த தட்டி. காட்டை விழுங்கும் செடி இது. கூடலூர் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இதில் செய்த ஆளுயர யானைகளும் அதற்கும் பெரியவையும் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. இதை வாங்கினால் காட்டுக்கும் நல்லது, முடைந்தவர் கைக்கும் நல்லது. பக்கத்தில் உள்ள தோடர் பூவேலைத் துணிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டையும் கணப்பிலிருந்து தள்ளியே மாட்டியிருக்கிறேன்.

பலகைக்கு வார்னிஷ் இல்லை, ஆளிவிதை எண்ணெய்தான். இதைக் கட்டாயம் கேளுங்கள்: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தீக்குச்சியே வேண்டாம். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்தி மூடிவையுங்கள்.

அடுத்த காணொளி புகைபோக்கி சுத்தம் பற்றியது. அதற்குள் உங்கள் வீட்டுக் கணப்பு வாயின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். மாடப்பலகையை எந்த உயரத்தில் வைக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.