திங்கட்கிழமை வயிற்றுவலி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். இன்று ஒரு குழந்தைகள் நாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முழுக்கக் கவிதையிலேயே எழுதிய நாவல். பெயர் 'ஸ்டார்ஃபிஷ்', அதாவது நட்சத்திர மீன். அமெரிக்க எழுத்தாளர் லிசா ஃபிப்ஸ் எழுதி 2021-ல் வெளிவந்தது.

கவிதை என்றதும் எதுகை, மோனை, பள்ளி விழாவில் ஒப்பிப்பது என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். சின்னச் சின்ன வரிகள், பேசுகிற மாதிரியே இருக்கும். சில பக்கங்களில் கொஞ்சம்தான் எழுத்து, மீதி வெள்ளைத் தாள்.

கதை எல்லி என்ற 11 வயதுப் பெண்ணுடையது. ஐந்தாவது பிறந்தநாளன்று திமிங்கிலப் படம் போட்ட நீச்சலுடையில் குளத்தில் குதிக்கிறாள், தண்ணீர் தெறிக்கிறது. அன்று வைத்த பட்டப்பெயர் பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே வருகிறது. பருமனான பெண் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டு வாழ்கிறாள். பள்ளியைவிட அதிகம் வலிப்பது வீடு. உடம்பை இளைக்க வைக்கும் வழி சொல்லும் கட்டுரைகளை அம்மா ஃபிரிட்ஜில் ஒட்டி வைக்கிறாள். மகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அதையும் செய்கிறாள், அதுதான் கொடுமை. அப்பா அவளை மனநல ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துப்போகிறார். மனமில்லாமல்தான் போகிறாள். போகப் போகத்தான் பேச்சு வருகிறது. தண்ணீரில் மல்லாந்து, கைகாலை விரித்து மிதக்கும்போதுதான் உலகத்தில் தனக்கும் இடம் உண்டு என்று அவளுக்குத் தோன்றுகிறது. புத்தகத்தின் பெயர் அங்கிருந்து வந்தது.

அமெரிக்கக் கதையை மொரீஷியஸ் வானொலியில் எதற்குச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் பல வருஷம் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்றுக்கொடுத்தவள். நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, கோவிலில் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு வீட்டுப் பேச்சு கிரியோல். தமிழில் அவர்களிடம் இருப்பது கையளவு சொற்கள். அம்மா, வீடு, பூனை, மழை, வலி.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண். தொடக்கப் பள்ளி முடிவில் வரும் பி.எஸ்.ஏ.சி. தேர்வு எழுத வேண்டிய வருஷம். காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், சனிக்கிழமையும் டியூஷன். திங்கட்கிழமை ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் தலையைச் சாய்த்துவிடுவாள். பாட்டி ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார், மிளகாய் சுற்றிப் போட்டும் பார்த்தார். டாக்டர் சோதித்துவிட்டு வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் "நடிக்கிறாள்" என்ற பேச்சு வந்தது.

ஒருநாள் கட்டுரைக்குப் பதிலாக, தெரிந்த சொற்களை வைத்து வரி வரியாக ஏதாவது எழுதுங்கள் என்றேன். அவள் நோட்டில் இவ்வளவுதான் இருந்தது:

திங்கள்.
வயிறு வலி.
வயிற்றில் ஒரு பூனை.
பூனைக்குப் பயம்.

"வலி"க்கு முதலில் பள்ளியின் ள போட்டு, அடித்துவிட்டு, மறுபடி எழுதியிருந்தாள். கிரியோலில் கேட்டிருந்தால் "ஒன்றுமில்லை" என்று சொல்லியிருப்பாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

மனக்கலக்கம் பிள்ளைகளிடம் பலமுறை வயிற்றுவலியாகவும் தலைவலியாகவும்தான் வெளியே வரும். அது நடிப்பு இல்லை, நிஜமாகவே வலிக்கும். "மனசு சரியில்லை" என்று சொல்வதற்கு அவர்களுக்கு இன்னும் சொல் பழகவில்லை, அவ்வளவுதான். சொல் குறைவாக உள்ள பிள்ளைக்குக் குட்டி வரி பெரிய துணை. இரண்டு வார்த்தை எழுதி நிறுத்திக்கொள்ளலாம். சொல்ல முடியாததை வெள்ளைத் தாள் வைத்துக்கொள்ளும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. குறுந்தொகையின் 28-ஆம் பாட்டில் ஔவையார் ஒரு பெண்ணைப் பேச விடுகிறார். முட்டிக்கொள்வேனா, தாக்குவேனா, ஏதாவது ஒரு சாக்கில் ஓவென்று கத்துவேனா, என் நோய் தெரியாமல் இந்த ஊர் தூங்குகிறதே என்கிறாள். காதல் பாட்டுத்தான். ஆனாலும் ராத்திரியில் விழித்துக் கிடக்கும் எந்தப் பிள்ளையும் இதையே சொல்லலாம். நம் பிள்ளைகளுக்காக இந்த ஊர்ப் பெயர்களோடும் கடலோடும், எளிய தமிழில் யாராவது ஒரு கவிதை நாவல் எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போ பாசினில் இருக்கும் பிரவுன்-செகார் மனநல மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறவர்கள் நம்மிடையே உண்டு. பிரவுன்-செகார் 1817-ல் போர்ட் லூயிஸில் பிறந்து, நரம்பு மண்டல ஆராய்ச்சியில் உலகப் பெயர் வாங்கிய மருத்துவர், நம் மண்ணின் பிள்ளை. அந்தப் பெயரைச் சத்தமாகவே சொல்லலாம். மனநல ஆலோசகரிடம் பிள்ளையைக் கூட்டிப்போவதையும் பல் டாக்டரிடம் போவது போலச் சொல்லலாம்.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். நோட்டை அம்மாவிடம் காட்டச் சொன்னேன். அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது. மகளே வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் கிரியோலில் அர்த்தம் சொல்லியிருக்கிறாள். பூனை வரி வந்தபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம். "அம்மா ஒன்றுமே கேட்கவில்லை, நான்தான் பேசினேன்" என்று மறுநாள் வந்து சொன்னாள்.

வணக்கம்.