குப்பாயம் போட்ட பாட்டிமார்

தம்பிகளே, தங்கச்சிகளே, நேராகவே பேசுகிறேன். "எனக்கு என்ன மதிப்பு?" என்ற கேள்வி நீட் மார்க் குறையும்போது வருகிறது, வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும்போது வருகிறது, பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் அன்று ராத்திரி முழுக்க வருகிறது. "இயேசு உன்னை நேசிக்கிறார்" என்று அதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறோம். உண்மைதான். ஆனால் அந்த உண்மையை ஒருவர் நிஜமாகவே நம்பினால் என்ன நடக்கும் என்பதை இந்த மண்ணே பார்த்திருக்கிறது.

தெற்குத் திருவிதாங்கூர், அதாவது நம்முடைய கன்னியாகுமரி மாவட்டம். 200 வருஷத்துக்கு முன்னால் இங்கே நாடார் பெண்களும், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட சாதிகளின் பெண்களும் மேல்சாதிக்காரர் முன்னால் மாரை மறைக்கக் கூடாது. நீ இவ்வளவுதான் என்று ஒருத்தியின் உடம்பிலேயே எழுதி வைக்கிற ஏற்பாடு அது. அப்புறம் மயிலாடி ஊரைச் சேர்ந்த மகாராசன் என்பவர் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் வந்தார். சபைகளும் பள்ளிக்கூடங்களும் எழும்பின. அங்கே வாசித்த வேதத்தின் முதல் அதிகாரமே தேவன் மனுஷனைத் தம்முடைய சாயலாக, ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்று சொன்னது. எந்தச் சாதி என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

அதை நம்பிய பெண்கள் குப்பாயம், அதாவது மாரை மறைக்கிற சட்டை, போட்டார்கள். திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த மன்றோ காலத்தில் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் மட்டும் போட அனுமதி கிடைத்தது, ஆனால் இவர்கள் அதோடு நிற்கவில்லை, மேல்சாதிப் பெண்கள் மாதிரி தோளுக்கு மேலே போடுகிற துணியான தோள்சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். மேல்சாதிக்காரர் சந்தையிலேயே அதைக் கிழித்தார்கள், அடித்தார்கள், ஜெபவீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள். 1829இல் தோள்சீலை கூடாது என்று அரசாங்கமே அறிவித்தது. அப்படியும் அந்தப் பெண்கள் விடவில்லை. கடைசியில் 1859 ஜூலையில்தான் நாடார் பெண்கள் எல்லாரும் மேலுடம்பை மறைக்கலாம் என்று மகாராஜா அறிவித்தார், அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. (அதே காலத்தில் இதே மாவட்டத்தில் ஐயாவழியைத் தொடங்கிய ஐயா வைகுண்டர், தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட தம் மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார் என்பதையும் நாம் நன்றியோடு சொல்ல வேண்டும்.)

இதில் எது முதலில் வந்தது என்று கவனியுங்கள். ராஜா அனுமதித்த பிறகு அந்தப் பாட்டிமார் தங்கள் மதிப்பைத் தெரிந்துகொள்ளவில்லை. மதிப்பு முதலிலேயே தெரிந்திருந்தது, அனுமதி பல வருஷம் கழித்துத்தான் வந்தது. இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் கரையிலும் அப்படித்தான். இயேசு அதுவரை ஒரு அற்புதம் செய்யவில்லை, ஒரு பிரசங்கம் பண்ணவில்லை, அதற்கு முன்பே "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று பிதா சொல்லிவிட்டார். நாம்தான் இதைத் தலைகீழாக்கி, முதலில் சாதித்துக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சந்தைக்குப் போன அந்தப் பெண்களுக்குப் பயம் இல்லாமல் இருந்திருக்காது. உங்களுக்கும் மனசு ஒரே நாளில் மாறாது, இன்றைக்கு ஜெபம் பண்ணிவிட்டு நாளைக்கே மறுபடியும் நான் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று தோன்றலாம். தோன்றினால் விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. தேவன் உங்களைப் பற்றிச் சொன்னது அன்றைக்கும் அப்படியே இருக்கும்.

எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் வேறு. கல்யாண விளம்பரத்தில் "மறுபடியும் பிறந்த மணமகள் தேவை" என்று, அதாவது கிறிஸ்துவுக்குள் புது வாழ்வு பெற்ற பெண் வேண்டும் என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே சாதியையும் எழுதுகிறோம். எதற்கு மறுபடியும் பிறந்தோம்? கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிற அதே வீட்டில் வளர்கிற பிள்ளை, இந்த இரண்டில் எதை நம்பும்? விளம்பரத்தைத்தான் நம்பும், ஏனென்றால் அப்பா அம்மா அதன்படிதான் நடக்கிறார்கள்.

அதனால் உங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது, சாதியைப் போட வேண்டாம் என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். சண்டை வரும். சொந்தக்காரர் நாலு பேர் கோபித்துக்கொள்வார்கள். அப்போது என்னைக் கூப்பிடுங்கள், நான் வந்து உங்கள் அப்பாவோடு உட்கார்ந்து பேசுகிறேன்.