கயிறு தேயும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

பாய்மரப் படகில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நடுக்கடலில் புயல் வந்தால் என்ன செய்வீர்கள்?" நாங்கள் நிஜமாகவே நடுங்கியது, கரையோரம் படகைக் கட்டிப் போட்டிருந்தபோது.

2017 செப்டம்பர். நானும் மனைவியும் கரீபியக் கடலில், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் டோர்டோலாவில் இருந்தோம். பதினொரு மீட்டர் படகு. அடுப்பு, படுக்கை, புத்தகங்கள், துணிமணி எல்லாம் அதற்குள்தான்; வேறு வீடு கிடையாது. அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஹரிக்கேன் என்னும் கடும்புயல்களின் காலம். அது தொடங்குவதற்குள் தெற்கே இறங்கிவிட வேண்டும் என்பது படகுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இயந்திரத்துக்கு ஒரு உதிரிபாகம் வரவேண்டும், இன்னும் ஒரு வாரம் என்று சொல்லிச் சொல்லியே மாதங்களைக் கடத்தினோம். சோம்பல் என்று சொன்னாலும் தப்பில்லை.

செப்டம்பர் 5 காலையில் இர்மா ஐந்தாம் வகைப் புயலாகிவிட்டது. மணிக்கு 252 கிலோமீட்டரைத் தாண்டினாலே ஐந்தாம் வகை. அதற்கு மேல் வகையே கிடையாது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே காற்று பிடிக்கும் எதையும் மேலே விட்டுவைக்கக் கூடாது. பாய்களைக் கழற்றினோம்; சுருட்டிக் கட்டிய பாய்கூட பிரிந்து அடித்துக்கொண்டால் பாய்மரத்தையே சாய்த்துவிடும். சூரியத் தகடுகள், நிழல்துணி, சிறு ரப்பர் படகு எல்லாம் இறங்கின.

அலையாத்தி மரங்கள் சூழ்ந்த பராக்கிட்டா விரிகுடாவில் படகைச் செருகி, நாலா பக்கமும் பதினொரு கயிறு கட்டினோம். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் போதாது. புயலின் கண், அதாவது நடுவே உள்ள அமைதியான பகுதி, கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து வரும்.

கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நைலான் கயிறு இழுபட்டு நீளும், அதனால் உதறலைத் தாங்கிக்கொள்ளும். அந்த நீட்சிதான் அதற்கு எமனும். ஒவ்வொரு வீச்சுக்கும் படகின் விளிம்பில் முன்னும் பின்னுமாக ரம்பம்போல் உரசும். உள்ளே இழைகளும் ஒன்றோடொன்று உரசிச் சூடேறும். புயலில் அறுந்த படகுகளில் பலவற்றின் கயிறு பலம் போதாமல் அறுந்ததல்ல, அந்த ஒரு சாண் இடத்தில் தேய்ந்து அறுந்தது. அதனால் பழைய தீயணைப்புக் குழாயைத் துண்டுதுண்டாக வெட்டி, உரசும் இடத்திலெல்லாம் கயிற்றுக்கு உறையாக மாட்டினோம். அதற்கே ஒரு பகல் போனது.

வேலை முடிந்ததும் சண்டை வந்தது. நான் படகிலேயே இருக்கிறேன் என்றேன். மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். "இறங்குங்க. கயிறு அது வேலையைப் பார்க்கும். நீங்க இருந்து எதைப் பிடிச்சுக்கப் போறீங்க?" பதில் இல்லாததால் இறங்கினேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவனுக்கு, திரும்பி வரும்போது வீடு அதே இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கை உண்டு. எனக்கு அது இல்லை.

செப்டம்பர் 6, தெரிந்தவர் ஒருவரின் கான்கிரீட் வீட்டுக் குளியலறையில் ஐந்து பேர். காதடைத்து அடைத்துத் திறந்தது. காற்று சுமார் 285 கிலோமீட்டர் வேகம் என்று பின்னால்தான் தெரிந்தது. நண்பகலுக்குச் சற்றுப் பிறகு திடீரென்று அமைதி. கண். படகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கதவருகே போனேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து மறுபாதி வந்தது. அந்தக் கதவு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் பச்சைப்பசேலென்றிருந்த மலைகள் தீப்பிடித்து எரிந்ததுபோல் பழுப்பாக நின்றன; இலை என்று ஒன்று மிச்சமில்லை. விரிகுடாவில் படகின்மேல் படகு ஏறிக் கிடந்தது. எங்கள் படகின் முன்பகுதியில் காட்டமரான் என்னும் இரட்டை உடல் படகு ஒன்று உட்கார்ந்திருந்தது. (நம் கட்டுமரம் என்ற சொல்தான் ஊர் சுற்றிவிட்டு இப்படித் திரும்பி வந்திருக்கிறது.) அதன் கயிறு அறுந்து, மிதந்து வந்து, எங்கள் பாய்மரத்தை முறித்திருந்தது. அதன் கயிற்று நுனியைப் பார்த்தேன். உறை எதுவும் இல்லை. எங்கள் பதினொன்றில் ஒன்பது பிடித்திருந்தன. உறைகள் பாதிக்குமேல் கிழிந்து போயிருந்தன, உள்ளே கயிறு தப்பியிருந்தது. படகும் மிதந்தது.

அதற்குப் பிறகு ஜூன் பிறந்தால் தெற்கே போய்விடுகிறோம். காப்பீட்டுக்காரர்கள் பலர் ஓர் அட்சரேகையைக் காட்டி, அதற்குக் கீழே இருங்கள் என்பார்கள். புயல் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. பத்திரமான இடம் என்று நம்பப்பட்ட கிரெனடாவை 2004-இல் ஐவன் புயல் சிதைத்தது. 2024 ஜூலை 1-இல், அதே நாட்டின் கரியக்கூ தீவை பெரில் தாக்கியது. அன்று நாங்கள் இன்னும் தெற்கே, டிரினிடாடில் இருந்தோம். வானொலியில் செய்தி கேட்டு முடித்ததும் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அடியறையிலிருந்து பழைய குழாய்ச் சுருளை இழுத்து வந்து, கத்தியைத் தீட்டத் தொடங்கினாள்.